கலைக் கல்வியும் கணினிக் கருவியும்

கணினி என்றதும் விஞ்ஞான மாணவனையும் வர்த்தக மாணவனையும் நினைப்பது உலக வழக்கு. சரித்திரம், இலக்கியம், மெய்யியல், சமயம் ஆகியவற்றைப் பயில்வோனுக்கு நூலும் எழுதுகோலும் போதும் என்று எண்ணுவோர் இன்றும் பலர். ஆயினும், நூலாராய்ச்சிக்குக் கணிப்பொறியின் துணையை முதன்முதலாக நாடியவர்களுள் ஒருவர் விஞ்ஞானி அல்லர், வணிகரும் அல்லர். அவர் ஒரு துறவி. கலைத் துறை மாணவன் கணினிக் கருவிகளை எவ்வாறு பயிலல் வேண்டும் என்னும் வினாவுக்கு அத்துறவியின் கதையிலேயே விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கின்றது.

இத்தாலி நாட்டு இயேசு சபைக் குருவாகிய றொபேட்டோ பூசா, மத்தியகாலப் பேரறிஞர் புனித தோமஸ் அக்குவைனாசின் நூல்களில் 'உடனிருத்தல்' என்னும் கருத்து எவ்வாறு அமைந்துள்ளது என்பதை ஆராய்ந்தார். முதலில், அப்பொருளை நேரே தருகின்ற இலத்தீன் சொற்களைத் தேடினார். அவை கருத்தின் புறவாயிலிலேயே நின்றன. கருத்தின் உயிர்நிலையோ 'இன்' என்னும் ஒரு சின்னஞ்சிறு சொல்லைப் பற்றி நின்றது. தமிழில் ஏழாம் வேற்றுமையுருபு எப்பொருளைத் தருமோ, ஏறக்குறைய அப்பொருளைத் தரும் இலத்தீன் சொல் அது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கண்ணிற்படுவது. ஆதலால் எவர் கருத்திலும் படாதது. அச்சொல் வரும் வாக்கியங்களைத் தம் கையாலேயே பத்தாயிரம் அட்டைகளில் எழுதி அடுக்கிய பின்னரே பூசா தம் ஆராய்ச்சியை முடித்தார்.

ஒரு சொல்லுக்கே பத்தாயிரம் அட்டைகள் என்றால், எல்லாச் சொற்களுக்கும் எத்தனை வேண்டும்? இவ்வினாவுடன் அவர் 1949 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தோமஸ் வாட்சனைக் கண்டு துணை வேண்டினார். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்குப் பார்க்கும் பொறிகள் அக்காலத்தில் வர்த்தகத்துக்குப் பயன்பட்டு வந்தன. அப்பொறிகளை அவர் சொற்களை வகைப்படுத்தும் பணியில் ஈடுபடுத்தினார். ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் சொற்களைக் கொண்ட அச்சொல்லடைவு, ஆண்டுகள் பல கழிந்து, 1974 முதல் 1980 வரை 56 பெருந்தொகுதிகளாக அச்சேறியது.

இக்கதையில் இரண்டு செய்திகள் உள. முதலாவது, வினா முன்னே வந்தது. பொறி பின்னே வந்தது என்பது. பூசா பொறியைக் கண்டு வியந்து அதற்கு ஒரு வேலை தேடியவர் அல்லர். கையால் உழைத்து, உழைப்பின் எல்லையைக் கண்டு, அதற்கப்பாற் செல்வதற்குப் பொறியை நாடியவர். இரண்டாவது செய்தி அதிகம் பேசப்படாதது. கல்லராத்தே என்னும் வட இத்தாலிய நகரில், அட்டைகளில் துளையிடும் வேலையைப் பயில்விப்பதற்கென ஒரு பயிற்சிக்கூடம் நடைபெற்றது. அங்கே இலத்தீன் நூல்களைச் சொற்சொல்லாக அட்டையில் ஏற்றியவர்களிற் பெரும்பாலோர் இளம்பெண்கள். பூசாவின் புகழ் உலகெங்கும் பரவிய காலத்தில் இப்பெண்களின் பெயர்கள் வெளிவரவில்லை. பல பத்தாண்டுகள் சென்ற பின்னரே ஆராய்ச்சியாளர் சிலர் அவர்களைத் தேடிக் கண்டு, அவர்தம் அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தனர். 'கணினி செய்தது' என்று சொல்லப்படுவதன் பின்னே எத்தனை மனிதக் கைகள் இருக்கின்றன என்பதைக் கலை மாணவன் முதற்பாடமாக அறிதல் நன்று.

இனி, இன்றைய கல்லூரி வகுப்புக்கு வருவோம். கலைத் துறை மாணவர் பயிலும் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சான்றுகளைத் தேடிச் சேர்த்து ஒழுங்காக வைக்கும் கருவிகள் ஒரு வகை. 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸொட்டேரோ என்பது இவ்வினத்தைச் சேர்ந்தது. படித்த நூல், கட்டுரை ஆகியவற்றின் விவரங்களைத் தொகுத்து வைத்து, வேண்டும்போது அடிக்குறிப்பாக அமைத்துத் தரும். நூலின் சொற்களை எண்ணி ஆராயும் கருவிகள் இரண்டாம் வகை. கனடா நாட்டு அறிஞர்களாகிய ஸ்ரெபான் சின்கிளயர், ஜெப்ரி றொக்வெல் ஆகிய இருவர் ஆக்கிய வொயன்ற் இதற்குச் சான்று. கண்டவற்றைப் பிறருக்குக் காட்சியாக அமைத்துத் தரும் கருவிகள் மூன்றாம் வகை. 2008 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஒமேக்கா, இணையத்திற் கண்காட்சி அமைக்க உதவுவது. காலவரிசையையும் நிலப்படத்தையும் அமைக்கும் கருவிகளும் இவ்வகையினவே. இங்கே கூறிய மூன்றையும் மாணவர் பணம் கொடுக்காமலே பயன்படுத்தலாம்.

இக்கருவிகளின் பொத்தான்களை அழுத்தப் பழகுவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அவ்வாறாயின், ஒரு தவணை முழுவதும் பயில வேண்டியது யாது? கருவி எங்கே தவறும் என்பதை அறிவதே. கருவியின் திறமையை விளம்பரமே கற்பித்துவிடும்; அதன் குறையைக் கற்பிப்பதற்கே ஆசிரியர் வேண்டும்.

முதலில், பொறி நூலை வாசிக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்தால் கிடைப்பது படமேயன்றி எழுத்தன்று. அப்படத்திலிருந்து எழுத்துக்களை இனங்கண்டு தருவதற்கு வேறொரு செயலி வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் 'எஸ்' என்னும் எழுத்து, பல இடங்களில் நீண்ட வடிவில் அச்சிடப்பட்டிருக்கும். பொறி அதனை 'எவ்' என்று பிழையாக வாசித்துவிடுவதுண்டு. அதனை அறியாத மாணவன் ஒரு சொல்லைத் தேடுகிறான். பொறி 'இல்லை' என்கின்றது. அச்சொல் அக்காலத்தில் வழங்கவில்லை என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். உண்மையில், சொல் அங்கேயே இருக்கின்றது. பொறிக்குத்தான் அது தெரியவில்லை.

தமிழிலும் இவ்விடர் உண்டு. பழைய அச்சு நூல்களில் ரகரமும் காலும் வடிவால் ஒத்திருக்கும் இடங்கள் பல. இடமறிந்து வாசிப்போனுக்கு மயக்கம் இல்லை. பொறிக்கோ இரண்டும் ஒன்றே. அன்றியும், தமிழ்நாட்டில் 1978 ஆம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தம் ஆணையாக வருமுன்னர், ணை, லை, ளை, னை முதலிய எழுத்துக்கள் மேலே வளைந்த கொம்புடன் வேறு வடிவில் அச்சிடப்பட்டன. புதிய வடிவங்களை மட்டும் பயின்ற பொறி, பழைய வடிவங்களைக் கண்டு தடுமாறும். ஆதலின், வகுப்பிலே செய்ய வேண்டிய முதற் பயிற்சி மிக எளியது. ஒரு பழைய நூலின் ஒரேயொரு பக்கத்தை எடுத்து, பொறி வாசித்துத் தந்ததை மூலத்துடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பிழைகளை எண்ணிப் பட்டியலிடச் சொல்லுதல் வேண்டும். அதனைச் செய்து முடித்த மாணவன், பொறியின் மௌனத்தை ஒருபோதும் சான்றாகக் கொள்ளமாட்டான்.

அடுத்தது எண்ணுதல். ஆங்கிலச் சொல்லின் வடிவம் அதிகம் மாறுவதில்லை. தமிழ்ச் சொல்லோ வேற்றுமையுருபும் விகுதியும் ஏற்று, சந்தியால் திரிந்து, பல வடிவங்களில் நடமாடும். மரம், மரத்தை, மரத்தில், மரங்கள், மரமும் என்பன தமிழறிந்தவனுக்கு ஒரு சொல்லின் பல வடிவங்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி பார்த்து எண்ணும் கருவிக்கோ ஐந்து வெவ்வேறு சொற்கள். 'மரம்' என்பதை மட்டும் தேடி, அந்நூலில் மரத்தைப் பற்றிய பேச்சுக் குறைவு என்று கட்டுரை எழுதும் மாணவன், நூலைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. தன் கருவியைப் பற்றியே கூறுகின்றான். இங்கே இலக்கணம் அறிந்தவனே கணினியையும் நன்கு கையாள்வான். பழைய கல்வி புதிய கல்விக்குத் தடையன்று, அடிப்படையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

எண்ணுதலில் இன்னுமொரு நுட்பம் உண்டு. சொற்களை எண்ணி, மிகுதியாக வருவனவற்றைப் பெரிய எழுத்திலும் குறைவாக வருவனவற்றைச் சிறிய எழுத்திலும் அழகிய படமாகக் காட்டும் முறையை நேயர்கள் பத்திரிகைகளிலும் கண்டிருக்கலாம். இத்தகைய படத்தை ஆக்குமுன்னர், கருவி ஒரு வேலையைச் சொல்லாமலே செய்துவிடுகின்றது. பொருளற்றவை என்று கருதப்படும் சிறு சொற்களை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, அவை அனைத்தையும் கழித்துவிடுகின்றது. ஆங்கில நூலாயின் 'இன்' என்னும் சொல்லும் அவ்வாறே கழிக்கப்படும். பூசா பத்தாயிரம் அட்டைகளை எழுதியது எந்த இனத்துச் சொல்லுக்காக? இத்தகைய சிறு சொல்லுக்காக அன்றோ? எந்தச் சொல்லின் பொருட்டு அவர் பொறியை நாடினாரோ, அந்த இனத்துச் சொற்களையே இன்றைய கருவி மாணவனின் கண்ணிற்குக் காட்டாமல் மறைக்கின்றது. அப்பட்டியலை நீக்கவும் மாற்றவும் கருவியிலேயே வழி உண்டு. ஆனால், அப்படியொரு பட்டியல் இருக்கின்றது என்று அறிந்தவனே அவ்வழியைத் தேடுவான். சிறியது எது, பெரியது எது, கழிக்கத்தக்கது எது என்னும் தீர்ப்பை மாணவன் கருவியிடம் ஒப்படைத்துவிடுவானாயின், அவன் ஆராய்ச்சி தொடங்குமுன்னரே முடிந்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

இனி, காட்சிப்படுத்தும் கலைக்கு வருவோம். இங்கே நேரும் பிழை வெறும் கணக்குப் பிழையன்று, அறத்தின்பாற்பட்ட பிழையுமாகும். அமெரிக்கக் கல்லூரிகளில் சரித்திர மாணவர் பலர் பயன்படுத்தும் தரவுத்தளம் ஒன்று உண்டு. ஆபிரிக்க மக்களை அடிமைகளாக அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாற் கொண்டு சென்ற 36,000-க்கும் மேற்பட்ட கப்பற் பயணங்களின் விவரங்கள் அதில் உள. 1999 ஆம் ஆண்டில் இறுவட்டாக வெளிவந்து, 2008 ஆம் ஆண்டில் யாவரும் பார்க்கக்கூடியவாறு இணையத்தில் ஏறியது. அத்தொகுப்பை ஆக்கிய அறிஞர்களின் மதிப்பீட்டின்படி, ஆபிரிக்கக் கரையிற் கப்பலேற்றப்பட்டவர் ஏறக்குறைய 1 கோடியே 25 இலட்சம் பேர். மறுகரையில் இறங்கியவர் ஏறக்குறைய 1 கோடியே 7 இலட்சம் பேர். இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள 18 இலட்சம் உயிர்கள் பயணத்திலே மடிந்தன.

இத்தரவுகளைக் கொண்டு ஒரு மாணவன் சில மணி நேரத்தில் ஓர் அசையும் நிலப்படம் செய்துவிடலாம். கடலின் மேல் புள்ளிகள் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும். அந்த அழகே அபாயம். புள்ளி ஒவ்வொன்றினுள்ளும் நூற்றுக்கணக்கான மாந்தர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டுக் கிடந்தனர் என்பதை அப்படம் சொல்வதில்லை. இக்கணக்கின் பெரும்பகுதி விற்றவரும் வாங்கியவரும் கப்பலோட்டியவரும் தம் வர்த்தகத்துக்காக எழுதி வைத்தது. அங்கே மனிதர் சரக்காகவே எண்ணப்பட்டனர் என்பதையும் சொல்வதில்லை. அத்தொகுப்பில் ஆபிரிக்கர்களின் பெயர்களுக்கென ஒரு தனிப்பகுதி உண்டு. அதில் அடங்கிய பெயர்கள் 91,491. வர்த்தகம் தடை செய்யப்பட்ட பின்னர் பிடிபட்ட கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு, நீதிமன்றங்களின் முன் பதியப்பட்டவர்களின் பெயர்கள் அவை. 1 கோடியே 25 இலட்சம் பேரில் 91,491 பெயர்கள்! எஞ்சியோருக்கு எண் உண்டு, பெயர் இல்லை.

ஆகவே, நல்ல ஆசிரியர் நிலப்படத்தை மட்டும் ஏற்பதில்லை. படத்தின் பக்கத்தில் ஒரு விளக்கம் எழுத வேண்டும் என்று பணிப்பார். இக்கணக்கை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், யாரை விட்டார், இதில் ஆவணத்திற் கண்டது எவ்வளவு, மதிப்பிட்டது எவ்வளவு என்னும் வினாக்களுக்கு அவ்விளக்கம் விடை கூறல் வேண்டும். படம் செய்யும் திறமைக்குச் சில புள்ளிகள் வழங்கினால், இவ்விளக்கத்துக்குப் பல புள்ளிகள் வழங்குவதே முறை.

காட்சியமைப்பு உண்மைக்குத் துணை நிற்கும் என்பதற்கும் சான்று உண்டு. வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் எயர்ஸ் என்னும் சரித்திரப் பேராசிரியர் 1990-களில் ஒரு முயற்சியை மேற்கொண்டார். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்ற இரண்டு மாவட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வேர்ஜீனியாவின் ஒகஸ்ரா ஒன்று. பென்சில்வேனியாவின் பிராங்கிளின் மற்றொன்று. அவ்விரண்டு மாவட்டத்து மக்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள், பத்திரிகைகள், குடிசனக் கணக்குகள் ஆகியன இணையத்தில் அருகருகே வைக்கப்பட்டன. அங்கே முடிவு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. மாணவனே இரு தரத்தாரின் எழுத்துக்களையும் வாசித்து, ஒரே போர் இரு வீடுகளில் எவ்வாறு வெவ்வேறாகத் தோன்றியது என்பதைக் கண்டுகொள்ளலாம். கருவி அவனுக்காகச் சிந்திக்கவில்லை. சிந்திப்பதற்குரிய பொருளை அவன் முன் கொணர்ந்து வைத்தது.

இணையக் கண்காட்சி அமைக்கும் மாணவன் பயிலும் இன்னுமொரு பாடம், பொருளை விவரித்தல். ஒமேக்கா போன்ற கருவியில் ஒரு படத்தையோ கடிதத்தையோ ஏற்றும்போது, தலைப்பு, ஆக்கியோர், காலம், மொழி, மூலம், உரிமை என்றவாறு பதினைந்து கட்டங்கள் அவன் முன்னே தோன்றும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் 1995 ஆம் ஆண்டில் கூடிய ஒரு கருத்தரங்கிலே தோன்றிய விவரண முறை இது. பதினைந்தும் சாதாரண வினாக்களே. ஆயினும், 'ஆக்கியோர்' என்னும் கட்டத்தில் மாணவனின் கை நின்றுவிடும். ஒரு குடும்பப் படத்தை ஆக்கியவர், அதனைப் பிடித்தவரா, வைத்திருந்தவரா? 'உரிமை' என்னும் கட்டத்திலோ கை முற்றாகவே நின்றுவிடும். மறைந்த ஒருவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தை உலகம் முழுவதும் பார்க்க வைப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? இவ்வினாக்களுக்குக் கருவியில் விடை இல்லை. வகுப்பிலே பேசித்தான் விடை காணல் வேண்டும்.

இலங்கைத் தமிழருக்கு இது தொலைதூரத்து விஷயம் அன்று. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஒரே பிரதியாக இருந்தவை ஒரே இரவில் இல்லையாயின. 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்து வருகின்றது. அங்கே ஒரு பழைய சஞ்சிகையை இலகுவாகத் திறந்து வாசிக்கும் மாணவன், கல்லராத்தேயின் பெண்களை நினைவுகூர்தல் தகும். தாளைப் புரட்டியவரும் விவரத்தைப் பதிந்தவரும் மனிதரே. அத்தகைய பணியில் சில நாட்கள் பங்குகொள்ளும் மாணவன், ஒரு தவணைச் சொற்பொழிவால் அறியாததை அறிவான்.

எண்ணிமப் பிரதி என்றும் நிலைக்கும் என்பதும் மயக்கமே. பிளாஷ் என்னும் செயலியை நம்பி உலகெங்கும் எத்தனையோ கண்காட்சிகள் அமைக்கப்பட்டன. 2020 ஆம் ஆண்டின் முடிவுடன் அதற்கான ஆதரவு நிறுத்தப்படவே, அவற்றிற் பல பார்க்க இயலாதன ஆயின. ஏட்டுச்சுவடியைக் கறையான் தின்னும். எண்ணிமப் பிரதியைக் காலம் வேறு வகையில் தின்னும். ஆதலால், அழகிய காட்சியை அமைக்கும் மாணவன், அதன் அடிப்படைத் தரவுகளை எந்தக் கணினியும் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாகத் தனியே சேமித்து வைக்கப் பழகுதல் வேண்டும். சுவடியைப் படியெடுத்துக் காத்த முன்னோரின் வழக்கம் வேறு உருவில் தொடர்வதே இது.

இவற்றையெல்லாம் கேட்கும் பழைய ஆசிரியர் ஒருவர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பலாம். 'மாணவர் நூல் வாசிப்பதே அருகி வருகின்றது. உள்ள சிறிது நேரத்தையும் கருவிக்குக் கொடுத்துவிட்டால், வாசிப்பது எப்போது?' என்பதே அவ்வையம். அதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. நூலை வாசியாமல் அதன் சொற்களை எண்ணுபவன், விருந்துண்ணாமல் இலைகளை எண்ணுபவனை ஒப்பான். ஆயினும், மேலே கூறிய பயிற்சிகளை எண்ணிப் பார்த்தால், அவை யாவும் வாசிப்பைக் குறைப்பன அல்ல, கூர்மையாக்குவன என்பது புலனாகும். ஒரு பக்கத்தைப் பொறியுடன் ஒப்பிடுபவன் அதனை எழுத்தெழுத்தாக வாசிக்கின்றான். சொல் வடிவங்களைத் தொகுப்பவன் இலக்கணத்தை வாசிக்கின்றான். நிலப்படத்துக்கு விளக்கம் எழுதுபவன் ஆவணத்தை வாசிக்கின்றான்.

2022 ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின்னர் இவ்விஷயம் மேலும் அவசரமானதாயிற்று. கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் கணினிச் செயலிகள் இப்போது யாவர் கையிலும் உள. அவை சில வேளைகளில் இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் யாவற்றையும் புனைந்து தந்துவிடுகின்றன. அத்தகைய அடிக்குறிப்பைக் கண்டவுடன், 'இந்நூல் எங்கே உள்ளது?' என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எவனுக்கு உண்டோ, அவனைக் கருவி ஏமாற்ற முடியாது. பழக்கம் இல்லாதவன் பொய்க்குச் சாட்சி சொல்பவனாக ஆகிவிடுவான்.

இன்று கல்லூரியிற் பயிலும் கருவிகள் பத்தாண்டுகளின் பின்னர் இதே உருவில் இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. பூசாவின் துளையிட்ட அட்டைகள் எங்கே? இறுவட்டு எங்கே? ஆகவே, கருவியின் பெயரையும் பொத்தானின் இடத்தையும் மட்டும் கற்பிக்கும் பாடநெறி, மாணவன் பட்டம் பெறுமுன்னரே பழையதாகிவிடும். எண்ணப்பட்டது எது, எண்ணாமல் விடப்பட்டது எது, எழுதியவர் யார், பெயரின்றிப் போனவர் யார், காட்டுவதற்கு உரிமை உண்டா என்னும் வினாக்கள் பழையன ஆவதில்லை. கருவியைக் கையிலேந்தும் கலை மாணவன் இவ்வினாக்களையும் உடன் ஏந்துவானாயின், அவன் கற்ற கல்வி அவனுக்கு மட்டுமன்றி, அவன் எழுதப்போகும் சரித்திரத்தில் இடம்பெறும் மாந்தர்க்கும் நீதி செய்யும்.